மெழுகு உருளையில் கிடைத்த ஐந்து சுரங்கள்

ஹாஸ்டலில் கிடார் எடுத்தவன் எல்லாம் முதலில் பிடிப்பது சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டுகளைத்தான். அதை வைத்தே நூறு பாட்டை ஒப்பேற்றிவிடலாம். சொந்தமாக மெட்டுப் போட ஆசைப்படுகிறவர்களுக்காக, பேலா பார்டோக் என்ற ஹங்கேரிக்காரரைப் பற்றி எழுதுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன். அவர் தூக்கிச் சுமந்த மெஷினுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1881 மார்ச் 25-ல் பிறந்தார். பிறந்த ஊர் இன்று ருமேனியாவில் இருக்கிறது. ஏழு வயதில் அப்பா போய்விட்டார். டீச்சர் வேலை பார்த்த அம்மாதான் முதல் பியானோ குரு. புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் படித்து, 1907-ல் அங்கேயே பேராசிரியர் ஆனார்.

1904-ல் டிரான்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வேலைக்காரப் பெண் பாடியது அவர் காதில் விழுந்தது. ஆளையே மாற்றிவிட்டது அந்தப் பாட்டு. நண்பர் கோடாயும் அவருமாக எடிசன் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். கரண்ட் கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது. புனலுக்குள் பாட்டி பாடினால், அந்தக் குரலின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகு உருளையில் கோடு கீறும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் சுரம் எழுதணும்!

1907-ல் டிரான்சில்வேனியாவில் ஐந்தே சுரம் உள்ள பழைய மெட்டுகள் சிக்கின. ஏ, சி, டி, இ, ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யிலிருந்து எண்ணினால் ஜி ஏழாம் சுரம். மேஜர், மைனர் பழக்கத்தில் ஏழாம் சுரம் கார்டில் வந்தால் அடுத்த கார்டுக்கு நகர்ந்தே ஆகணும். இந்தப் பாட்டுகளிலோ அது சாவகாசமாக நிற்கிறது. அப்படியானால் ஏ, சி, இ, ஜி நான்கையும் சேர்த்து அடித்து, அங்கேயே இளைப்பாறலாமே! மெட்டுக்குள் இருக்கும் சுரத்திலிருந்தே கார்டை எடுப்பது என்ற வழி அவருக்குப் பிடிபட்டது.

டோரியன் மோடும் அப்படித்தான். வெள்ளைக் கட்டைகளில் டி-யில் தொடங்கி டி-யில் முடிப்பது, கரகரப்பிரியாவின் சுரங்களேதான். டி மைனரும் ஜி மேஜரும் மாறி மாறி வந்தால் அதன் குணம் தெரியும். பாடப்புத்தக வழக்கப்படி ஏ மேஜர் போட்டு வீடு திரும்பினால், அதிலுள்ள சி ஷார்ப் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஏ மைனரோ சி மேஜரோ போதும். மைக்ரோகாஸ்மாஸ் என்று 153 சின்னச் சின்ன பியானோ பாடங்கள் எழுதினாரே, அதில் 32-வது பாடத்தின் பெயரே டோரியன் மோடில் என்பதுதான். வாசித்துப் பாருங்கள்.

ஹங்கேரியப் பாட்டோடு அவர் நிற்கவில்லை. ருமேனியர், ஸ்லோவாக்கியர் என்று எல்லார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தார். முதல் உலகப் போருக்குப் பின் டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குப் போயிற்று. அந்தக் கொதிப்பில், ருமேனியர் இசையைப் பற்றி எழுதியதற்காக 1920-ல் சொந்த ஊர்க்காரர்களே அவரைத் தேசப்பற்று இல்லாதவர் என்று தாக்கினார்கள். பாட்டுக்கு ஏது பாஸ்போர்ட்? அவர் சேகரிப்பதை விடவில்லை.

நாஜி ஆதிக்கம் பொறுக்காமல் 1940-ல் அமெரிக்கா போனார். ஹிட்லர், முசோலினி பெயரில் புடாபெஸ்டில் இடம் இருக்கும்வரை தன் பெயரை எந்தத் தெருவுக்கும் வைக்கக் கூடாது என்று உயில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். அங்கே பணக் கஷ்டம், கூடவே ரத்தப் புற்றுநோய். 1945 செப்டம்பர் 26-ல் நியூயார்க்கில் இறந்தபோது, மனைவிக்காக எழுதிக்கொண்டிருந்த மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவில் கடைசி 17 அளவுகள் மட்டும் பாக்கி இருந்தன. திபோர் ஷெர்லி என்ற நண்பர் அதை முடித்துக் கொடுத்தார்.