யார் இந்த கிங் ஜில்லெட்? பிளேடு பாக்கெட்டில் முகம் பதித்தவர் கடைசியில் சொத்தை இழந்த கதை

ஷேவிங் செய்ய முதல் ரேசர் வாங்கப் போனால் கடையில் முக்கியமா இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று, பிளேடு பொருத்திய தலையை அப்படியே மாற்றும் கார்ட்ரிட்ஜ். இன்னொன்று, உலோகக் கைப்பிடியில் மெல்லிய பிளேடு மாட்டும் சேஃப்டி ரேசர். இந்த இரண்டாவது வகையை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் கிங் கேம்ப் ஜில்லெட். பெயரில்தான் கிங், பிழைப்பு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர் வேலை.

தீயில் போன கடை

1855 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் சிகாகோவில் குடியேறியது. 1871-ல் அந்த நகரையே அழித்த பெரும் தீயில் அப்பாவின் தொழிலும் போனது. இளம் வயதிலேயே வேலைக்குப் போனார்.

சோடா பாட்டில் மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரின் நிறுவனத்தில் சேர்ந்தபோதுதான் திருப்பம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருளைக் கண்டுபிடி, வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார் என்பது பெயின்டர் தந்த யோசனை.

அவர் கண்டுபிடித்தது எது?

சேஃப்டி ரேசரையே கண்டுபிடித்தவர் ஜில்லெட் என்று பலர் நினைக்கிறோம். அது சரியில்லை. தோலைக் காக்கும் தடுப்பு வைத்த ரேசர்கள் அவருக்கு முன்பே விற்பனையில் இருந்தன. ஆனால் அந்தக் கனமான பிளேடுகளைத் தோல் பட்டையில் அடிக்கடி தீட்ட வேண்டும். தீட்டவே தேவையில்லாத, மழுங்கினால் தூக்கிப்போடும் மெல்லிய பிளேடுதான் 1895-ல் அவருக்கு வந்த யோசனை.

மெல்லிய எஃகுத் தகட்டைச் சூடாக்கிக் கடினப்படுத்தினால் வளைந்து நெளியும். அதனால் முடியவே முடியாது என்றார்கள் நிபுணர்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டார். 1901-ல் நிறுவனம் தொடங்கியது. 1903-ல் விற்றது வெறும் 51 ரேசர், 168 பிளேடு! அடுத்த ஆண்டே ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. காப்புரிமை கிடைத்ததும் 1904-ல்தான். முதல் உலகப்போரில் அமெரிக்க வீரர்களுக்கு அரசே சுமார் 35 லட்சம் ரேசர் வாங்கிக் கொடுத்தது.

ரேசரை மலிவாகக் கொடுத்து பிளேடில் காசு பார்த்தார் என்பதும் பாதி உண்மைதான். ஆரம்பத்தில் ரேசர் விலை 5 டாலர். ஒரு தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. 1921-ல் காப்புரிமை முடிந்து போட்டி வந்த பிறகுதான் மலிவு ரேசர்களை இறக்கினார்கள்.

போட்டியை வெறுத்த முதலாளி

ஆச்சரியம் இதுதான். தொழில் போட்டியே கூடாது, எல்லாத் தொழிலும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனத்துக்குள் வர வேண்டும் என்று 1894-லேயே புத்தகம் எழுதியவர் இவர். நயாகரா அருவியின் மின்சாரத்தில் இயங்கும் ஒரு மாநகரம் அவர் கனவு. 1910-ல் தன் உலக நிறுவனத்துக்குத் தலைவராக வரும்படி முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். 10 லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.

கனவு பலிக்கவில்லை, காசும் நிற்கவில்லை. நிறுவனத்தில் அதிகாரம் கைநழுவியது. நிலங்களில் பெரும் பணம் முடங்கியது. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி மிச்சத்தையும் கரைத்தது. 1932 ஜூலை 9-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தபோது, உலகமே அறிந்த அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் கிட்டத்தட்ட திவால் நிலையில் இருந்தார்.

முதல் ரேசர் வாங்கப் போறீங்களா?

கார்ட்ரிட்ஜ் ரேசருக்குப் பெரும்பாலும் அதே கம்பெனி தலையைத்தான் வாங்க வேண்டும். இரட்டை முனை சேஃப்டி ரேசரில் அந்தக் கட்டாயம் இல்லை. எந்த கம்பெனி பிளேடும் பொருந்தும். போட்டியை வெறுத்தவரின் பொருள், இன்று போட்டியால்தான் மலிவாகக் கிடைக்கிறது!

புதிதாகத் தொடங்குபவர்கள், பிளேடின் முனை அதிகம் வெளியே தெரியாத, சீப்புப் பல் இல்லாத மென்மையான ரேசரை எடுங்கள். சுமார் 30 டிகிரி சாய்வில், அழுத்தாமல், முடி வளரும் திசையில் சின்னச் சின்னதாக இழுங்கள். ரேசரின் எடையே போதும். பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுபவர் கை கிழியாமல் இருக்கும்.