காவிரியைக் காத்த சர் ஆர்தர் காட்டன்

தஞ்சைத் தரணியில் வாழும் நமக்குச் சோறிடும் தாய் காவிரி. அத்தாயே வற்றிப் போகும் நிலை ஒரு காலத்தில் ஏற்பட்டது. அவளைக் காக்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர் சர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர்.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். 1821-இல் சென்னை வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் படையில் பணியாற்றினார். பின்பு காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் நேராகவும் மிகுந்த சரிவுடனும் கடலை நோக்கி ஓடுவது. எனவே வெள்ளமெல்லாம் அதன் வழியே போக, காவிரியின் வாயில் மணல் மேடிட்டது. ஆண்டுதோறும் மணலை வாரியும் பயனில்லை. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடலாயின.

மாணவியரே! நாம் வகுப்பில் போடும் நேர்கோட்டுக் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். முக்கொம்பிலிருந்து ஆறு செல்லும் தூரம் எக்ஸ் மைல். ஆற்றுப் படுகையின் உயரம் ஒய் அடி. கணக்குக்காக, ஒய் = 60 – 2 எக்ஸ் என்று கொள்வோம். மைலுக்கு 2 அடி இறங்குவதால் கோட்டின் சாய்வு –2. எக்ஸுக்குப் பூச்சியம் இட்டால் ஒய் 60 ஆகிறது. கோடு ஒய் அச்சை வெட்டும் இடம் அதுவே. இந்த 60 தான் ஒய் வெட்டுத்துண்டு. அதாவது, ஆறு புறப்படும் இடத்தின் உயரம்.

கொள்ளிடத்தின் நெடுஞ்சரிவை மாற்றுவது மனிதரால் ஆகாது. ஆனால் எக்ஸ் பூச்சியமாகும் இடத்தில், நீர் ஏறிக் கடக்க வேண்டிய உயரத்தைக் கூட்டலாம் அல்லவா? காட்டன் செய்தது அதுவே. 1836-ஆம் ஆண்டை ஒட்டிக் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழுந்தது. அணையின் மட்டத்திற்கு ஏறினாலன்றி நீர் கொள்ளிடத்தில் இறங்க இயலாது. ஆகவே அது காவிரிக்குத் திரும்பியது. கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது.

எனினும் சோதனை தீரவில்லை. இப்போது காவிரிக்குள் அளவுக்கு மீறி நீர் பாய்ந்தது. பின்னர் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரியின் வாயிலிலும் படுகைச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. உயரம் குறைந்தால் வறட்சி, மிகுந்தால் உடைப்பு. சில அடிகளில் ஆயிரமாயிரம் குடும்பங்களின் வாழ்வு அடங்கியிருந்தது.

மணற்படுகையில் அணை நிற்குமா என்ற ஐயத்தைத் தீர்த்தது நம் முன்னோரின் கல்லணை. அதன் அடித்தளத்தை ஆராய்ந்து கற்ற பாடத்தைக் கொண்டே, 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தௌலேசுவரத்தில் காட்டன் அணை கட்டினார். 1861-இல் சர் பட்டம் பெற்றார். 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் மறைந்தார்.

முக்கொம்பில் அவர் அமைத்த மேலணை 180 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் இடிந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. அணை புதிதானாலும் கணக்கு பழையதே: ஆறு எங்கே போகும் என்று அறிய, அது எந்த உயரத்தில் புறப்படுகிறது என்பதை முதலில் காண வேண்டும்.