மருந்துக்கு மாற்றுவழி கண்டவர்

ஏழையும் வாங்கக்கூடிய விலையில் இன்று மாத்திரைகள் கிடைப்பதற்குப் பாடுபட்டவர்களை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்களுள் ஒருவரே மர்ஹூம் டாக்டர் குவாஜா அப்துல் ஹமீத் அவர்கள்.

1898-இல் அலிகரில் பிறந்த அன்னார், ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு, ஜாமியா மில்லியாவில் வேதியியல் கற்பித்தார்கள். பின்னர் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1935-இல் பம்பாயில் சிப்லா நிறுவனத்தைத் தோற்றுவித்தார்கள்.

மருந்துச் சரக்கு எவ்வாறு உருவாகிறது? மூலப்பொருள்களைப் படிப்படியாக வினைபுரியச் செய்கின்றனர். கிடைத்ததைக் கரைப்பானில் கரைத்து, வடிகட்டி, படிகமாக்கி, மாசு நீக்குகின்றனர். ஓர் ஊருக்குப் பல பாதைகள் இருப்பதுபோல, ஒரே மருந்தைப் பல செய்முறைகளால் ஆக்கவியலும். ஆனால் ஆங்கிலேயர் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருந்தின்மீதே காப்புரிமை பெற்றவர் பிறர்க்கு எல்லாப் பாதைகளையும் அடைத்துவிடலாம்.

இதனை மாற்ற அன்னார் அயராது உழைத்தார்கள். 1970-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், மருந்துகளில் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. வேறு செய்முறை கண்டவர் அதே மருந்தைத் தயாரிக்கலாம் என்றாயிற்று. 1972 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தது; அவ்வாண்டு ஜூனில் அன்னார் வஃபாத்தானார்கள்.

அதன் பலனைப் பாருங்கள்! ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்தை, 2001-இல் அன்னாரின் புதல்வர் யூசுஃப் ஹமீத் 350 டாலருக்குத் தர முன்வந்தார். 2005-இல் சட்டம் மீண்டும் மாறி, மருந்தின்மீதே காப்புரிமை திரும்பிவிட்டது. ஆயினும், வேதியியல் பயிலும் உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.