பரீட்சையில் தோற்ற கணித மேதை



பரிசளிப்பு விழா மலர் என்றால் பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். இன்று மேடையேறிக் கிண்ணமும் புத்தகமும் வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறோம். ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். தம்பி தங்கையின் பரிசைப் பார்க்க வந்த அண்ணன்மாரும் அக்காமாரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். சில வருடங்களுக்கு முன்னே இதே மேடையில் கைதட்டல் வாங்கியவர்கள்தான். எஸ்.பி.எம். ரிசல்ட்டோ எஸ்.டி.பி.எம். ரிசல்ட்டோ நினைத்தபடி வராமல், பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டும் இடம் கிடைக்காமல், யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு இருப்பவர்கள் அவர்களில் சிலர்.

அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு மனிதரின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். கணித மேதை சீனிவாச இராமானுஜன். அவருடைய பெருமை எல்லாருக்கும் தெரியும். அவர் பரீட்சையில் பெயிலான கதை பலருக்குத் தெரியாது.

1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் 20 ரூபாய் அளவுதான். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர். நம் லயத்து வீடுகளைப் போலத்தான், மாதக் கடைசியில் இழுத்துப் பிடித்து ஓடும் குடும்பம்.

பையன் படிப்பில் சூட்டிகை. 1897-ல் தொடக்கப் பள்ளிப் பரீட்சையில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தார். பிறகு டவுன் உயர்நிலைப் பள்ளி. 1903-ல் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 சூத்திரங்கள் கொண்ட புத்தகம். பெரும்பாலும் விளக்கம் இருக்காது, விடை மட்டும்தான் இருக்கும். பையன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். 1904-ல் பள்ளியை விட்டு வெளியேறும்போது கணிதத்துக்கான பரிசும் வாங்கினார். ஆம், அவரும் ஒரு பரிசளிப்பு விழாவில் மேடையேறியவர்தான்!

அதே வருடம் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். படித்தது எப்.ஏ. வகுப்பு. அந்தக் காலத்தில் பி.ஏ. படிக்க வேண்டுமானால் முதலில் எப்.ஏ. பாஸ் பண்ண வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எஸ்.டி.பி.எம். மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாப் பாடத்திலும் பாஸ் பண்ணினால்தான் பாஸ். இராமானுஜனுக்குக் கணிதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் பெயில். உபகாரச் சம்பளம் போயிற்று. ஒரு தவணைக்குச் சம்பளம் 32 ரூபாய். அப்பாவின் மாத வருமானத்தைவிட அதிகம். எங்கே போவது?

1905-ல் அந்தப் பையன் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றவர்கள் பதறித் தேடினார்கள். சில வாரம் கழித்துத்தான் பிள்ளை வீடு திரும்பியது. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள், பெற்றோர்களே. உலகமே போற்றும் மேதைக்கும் மார்க்குப் போனபோது முதலில் தோன்றியது, வீட்டார் கண்ணில் படாமல் ஓடிவிட வேண்டும் என்பதுதான்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடியும் சேர்ந்தார். நோய் வந்து படிப்புத் தடைப்பட்டது. அந்த வருடம் டிசம்பரில் பரீட்சை எழுதினார், பெயில். 1907 டிசம்பரில் வெளியிலிருந்து எழுதினார். மறுபடியும் பெயில். உடலியல் பாடத்தில் படுமோசம். அத்தோடு கல்லூரிக் கதவு சாத்தியது. இருபது வயது, கையில் பட்டமில்லை, வேலையில்லை.

அடுத்த சில வருடங்கள் கஷ்டம்தான். 1909-ல் ஜானகியோடு திருமணம். பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தும், தெரிந்தவர்கள் தயவிலும் நாள் ஓடியது. காகிதம் வாங்கப் பணமில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைப்பாராம். இப்படித்தான் அந்தப் புகழ்பெற்ற நோட்டுப் புத்தகங்கள் உருவாயின.

வெறும் நோட்டு எழுதிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இன்று யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது. 1910-ல் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததும் இவர் சாதாரண ஆளில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சென்னையில் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1911-ல் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தது. 1912 மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை? நம் பாஷையில் சொன்னால் கிராணி வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

சென்னைத் துறைமுகம்! நம் பாட்டன் பூட்டன்மார் பலர் அங்கிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறித்தான் பினாங்குக்கு வந்து இறங்கினார்கள். அந்தத் துறைமுக ஆபீசில் உட்கார்ந்து கணக்கெழுதிய கிராணி ஒருவர், மிச்ச நேரத்தில் உலகம் அறியாத கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

1913 ஜனவரி 16-ஆம் தேதி அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதியும் உதவி கிடைக்கவில்லை. ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே, தான் வருடம் 20 பவுன் சம்பளம் வாங்கும் ஒரு கிளார்க் என்றும், பல்கலைக்கழகப் படிப்பு தனக்கில்லை என்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, தன்னால் என்ன முடியும் என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டினார். மாணவர்களே, இதை மனதில் வையுங்கள். பெயிலானதை மறைக்கவும் இல்லை, அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டும் இருக்கவில்லை.

ஹார்டி அசந்துபோனார். பட்டம் வாங்கியவர்களுக்கென்று இருந்த ஆராய்ச்சி உதவித்தொகையை, பட்டமில்லாத இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாயாகக் கொடுத்தது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எப்.ஏ. பரீட்சையில் தோற்றாரோ, அதே பல்கலைக்கழகம்! 1914 மார்ச் 17-ல் கப்பலேறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்குப் பட்டம் கொடுத்தது. 1918-ல் இங்கிலாந்தின் இராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோவாகவும் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. நோயாகக் கிடந்த இராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729. சுவையில்லாத எண் என்று ஹார்டி சொல்ல, இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் 1729. வீட்டில் போட்டுப் பாருங்கள்.

குளிரும், போர்க்காலத்தில் சரியான சைவச் சாப்பாடு கிடைக்காததும், நோயும் அவரை உருக்கின. 1919-ல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதில், சென்னையில் காலமானார். சாகும் வருடத்திலும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. அந்தக் கடைசித் தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. நம் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-ல். அவர் மறைந்து ஒன்பது வருடம் கழித்து. ஆனாலும் அவர் எழுதியதை அறிஞர்கள் இன்னும் ஆராய்கிறார்கள். அவர் பிறந்தநாளை 2012 முதல் இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, பெயிலானால் மேதையாகலாம் என்று எந்தப் பிள்ளையும் கணக்குப் போட வேண்டாம்! மற்ற பாடங்களை ஒதுக்கியதற்கு அவர் கொடுத்த விலை ஆறேழு வருடப் பசி. நம் நாட்டிலும் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் பாஸ் இல்லையென்றால், மற்றதில் எத்தனை ‘ஏ’ இருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லை. பிடிக்காத பாடத்துக்கும் தினமும் அரைமணி நேரம் கொடுங்கள்.

அப்படிப் படித்தும் ரிசல்ட் கைவிட்டால்? நானும் அந்த நாளைக் கண்டவன்தான். பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்று தெரிந்த நாளில், தானா ராத்தாவிலிருந்து கடைசி பஸ்ஸில்தான் வீடு வந்தேன், இருட்டினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று. அப்பா தோட்டத்து வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அன்று அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அடுத்த வாரம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் பாரம் நிரப்ப வைத்தார். அதனால்தான் இன்று உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

ஆகவே பெற்றோர்களே, ரிசல்ட் வருகிற நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள். முதலில் பிள்ளைக்குச் சோறு போடுங்கள். மறுநாள் பேசுங்கள். பல்கலைக்கழக இடத்துக்கு மேல்முறையீடு செய்ய வழியிருக்கிறது. எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியையும் வரலாற்றையும் மறுபடி எழுதலாம். ஆறாம் படிவம் இருக்கிறது. நம் பகாங்கிலேயே குவாந்தானிலும் முவாட்சாம் ஷாவிலும் பாலிடெக்னிக் இருக்கின்றன. எந்தப் பாரம், எந்தத் தேதி என்று தெரியாவிட்டால் பள்ளிக்கு வந்து கேளுங்கள். பழைய மாணவர்தானே என்று தயங்க வேண்டாம். படித்து முடித்துப் போனாலும் நம் பிள்ளைதான்.

தம்பி, தங்கைகளே, இராமானுஜன் நோட்டை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனதுபோல, நீங்கள் உங்கள் ரிசல்ட் தாளை எடுத்துக்கொண்டு யாராவது ஒரு பெரியவரிடம் போங்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தால் அதற்கு ஒரு வழியும் பிறக்காது.

பரிசு பெற்றவர்களுக்கும், இனிமேல் பெறப் போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.