யானை மேல் ஏறிப் படம் பிடித்தவர்



எங்கள் பாரூர் ஏரியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து சேரும் பெரிய ஏரி அது. ஒருநாள் காலையில் ஏரிக்கரையில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். தண்ணீர் ஓரமாகக் கொக்குகள் மீனுக்குக் காத்து நின்றன. அங்கே இரண்டு பையன்கள். ஒருவன் கல்லை எறிந்தான். கொக்குகள் படபடவென்று பறந்தன. மற்றவன் செல்போனில் படம் எடுத்தான். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால், பாவம், அந்தப் பறவைகளின் காலை ஆகாரம் போய்விட்டது!

அந்தப் பையன்களை உட்கார வைத்து ஒருவருடைய கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் மா. கிருஷ்ணன். இந்தியாவின் காட்டு விலங்குகளைப் படம் பிடித்துப் பெரும்புகழ் பெற்ற தமிழர். 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அவருடைய அப்பா அ. மாதவையா, தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்றான 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதியவர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தது. இன்று அங்கே சாலை முழுக்க வாகனங்கள். அன்றோ புதர்க்காடு! நரிகளும் வெளிமான்களும் திரிந்தன. பதினொரு வயதில் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். 1925இல் அப்பா இறந்துபோனார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13தான். மூத்த அக்கா அவரைப் பார்த்துக்கொண்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஃபைசன் என்ற தாவரவியல் பேராசிரியர் இருந்தார். அவரோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போய்ச் செடிகொடிகளைக் கவனித்தார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஆனால், பரீட்சையில் கிருஷ்ணன் கெட்டிக்காரர் இல்லை. சட்டமும் படித்தார். நிலையான வேலை உடனே கிடைக்கவில்லை.

1942இல் சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அது இப்போது நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், பல்லாரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று அங்கே பல பொறுப்புகளைப் பார்த்தார். ஓய்வு நேரத்தில் சுற்றியிருந்த குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார்.

நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். மனைவியும் மகனும் இருந்தார்கள். எல்லோரும் மாதச் சம்பளம் தேடும் நிலையில் அவர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். இனி இயற்கையைப் பற்றி எழுதியும், வரைந்தும், படம் எடுத்துமே பிழைப்பது என்பதுதான் அது!

1950இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதத் தொடங்கினார். 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். அணில், காகம், பல்லி, யானை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. தமிழிலும் கட்டுரைகள் எழுதினார்.

இப்போது நீங்கள் செல்போனில் ஒரே நிமிடத்தில் நூறு படம் எடுக்கலாம். அந்தக் காலத்தில் கேமராவுக்குள் ஃபிலிம் போட வேண்டும். சில படங்களுக்குள் ஃபிலிம் தீர்ந்துவிடும். அதை இருட்டறையில் ரசாயனத்தில் கழுவிய பிறகுதான் படம் சரியாக வந்ததா என்றே தெரியும். விலை உயர்ந்த கேமரா வாங்க கிருஷ்ணனிடம் பணம் இல்லை. ஒரு கேமராவின் உடல், வேறொன்றின் லென்ஸ் என்று பல பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கனமான கேமராவை உருவாக்கிக்கொண்டார். அதற்கு வேடிக்கையாக 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரும் வைத்தார்! கறுப்பு வெள்ளைப் படங்களே அவருக்குப் பிடிக்கும்.

காட்டில் நடந்து போனால் மனித வாசனை பட்டதும் விலங்குகள் ஓடிவிடும். அதனால் அவர் பழக்கிய யானையின் மேல் ஏறிப் போவார். யானையின் வாசனையில் மனித வாசனை அமுங்கிவிடும். மானும் காட்டெருமையும் பயப்படாமல் மேயும். காட்டு யானைகள் தம் குட்டிகளோடு நிம்மதியாக நிற்கும். அவர் பொறுமையாகக் காத்திருந்து படம் எடுப்பார். அதனால்தான் அவர் படங்களில் விலங்குகள் தங்கள் இயல்பிலேயே இருக்கின்றன.

1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு பெயரிலான ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அதைக் கொண்டு தென்னிந்தியக் காடுகள் உள்ளிட்ட பல காடுகளில் சுற்றி, பாலூட்டி விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். விலங்குகள் குறைந்து வருவதை எடுத்துச் சொன்னார். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. காட்டுயிர்களைக் காக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுவிலும் பல ஆண்டுகள் இருந்தார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் தம் 83ஆம் வயதில் காலமானார்.

குழந்தைகளே! நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் விருந்தாளிகள் வருகிறார்கள். ராகி விளையும் காலத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து தளி, ஓசூர் பக்கம் யானைக் கூட்டம் வரும். அப்போது சிலர் கூச்சலிட்டுக்கொண்டு செல்போனோடு யானைகளின் பின்னால் ஓடுகிறார்கள். மிரண்ட யானை திரும்பினால் என்ன ஆகும்? மனித உயிர் போகும், யானைக்கும் கெட்ட பெயர் வரும். யானையைக் கண்டால் விலகி நில்லுங்கள். உடனே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் வனத்துறைக்குத் தகவல் கொடுக்கட்டும்.

உங்கள் வீட்டு வேப்ப மரத்து அணில் போதும், நீங்கள் கிருஷ்ணனைப் போலப் பழக. முதலில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகு படம் எடுங்கள்.

ஏரிக்கரையில் பார்த்தேனே, அந்தப் பையன்கள்? அடுத்த வாரமும் அவர்களைப் பார்த்தேன். கரையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொக்குகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தன.