அலைகடலில் ஆய்வுக்கூடம் கண்ட அம்மையார்

கண்ணாடித் தொட்டிக்குள் வண்ண மீன்கள் துள்ளி விளையாடுவதைக் கண்டு மகிழாதவர் நம்முள் யார்? அதிலும் கடல்நீர் நிரப்பி, பவள உயிர்களை வளர்க்கும் தொட்டியைக் கண்டால் கண்கள் இமைக்கவும் மறந்துவிடும். ஆனால் அத்தகைய தொட்டியை அமைப்பது எளிதன்று. கண்ணாடியை ஒட்டி நீரை ஊற்றிவிட்டால் போதாது. நீர் எவ்வழியே நுழைய வேண்டும், எவ்வழியே வெளியேற வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். அந்த வழி தவறினால் அழகிய தொட்டி நாற்றமெடுத்த குட்டையாகிவிடும்.

இக்கேள்வியைக் கடற்கரையில் நின்று ஆராய்ந்து, தம் கையாலேயே விடை கண்ட முன்னோடி ஒருவர் இருந்தார். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்லர். செல்வச் சீமானும் அல்லர். ஊசியும் நூலும் கொண்டு பிழைத்த ஓர் ஏழைப் பெண். அவரே ழான் வில்ப்ரோ பவர் அம்மையார். அவரது வாழ்க்கையை நாம் சிறிது காண்போம்.

இளமையும் இன்னலும்

பிரான்சு நாட்டில் கொரேஸ் பகுதியில் ழூயாக் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1794ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகளாக ழான் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியால் நாடே கொந்தளித்துக் கொண்டிருந்த காலம் அது. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு எழுதவும் படிக்கவும் தெரிந்ததே பெரும்பேறு. உயர்கல்வி என்பது அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது.

பதினெட்டு வயதில் அவர் தையல் வேலை தேடிப் பாரிஸ் நகருக்குப் புறப்பட்டார். தூரமோ 400 கிலோமீட்டருக்கும் மேல்! அத்தனையையும் நடந்தே கடக்கத் துணிந்தார். துணையாக வந்த உறவினனே வழியில் அவருக்குத் தீங்கிழைத்து, அவருடைய அடையாளத் தாள்களையும் பறித்துக்கொண்டான். நிர்க்கதியாய் நின்ற அந்த இளம்பெண்ணுக்கு ஓர்லியன்ஸ் நகரில் கன்னியர் மடம் ஒன்று அடைக்கலம் தந்தது. புனித ஜோன் ஆப் ஆர்க் மீட்டுத் தந்த நகரம் அதுவே. அப்புனிதையின் பெயரும் பிரெஞ்சு மொழியில் ழான் என்பதே. அன்று அம்மடத்தின் கதவு திறக்கப்படாமல் இருந்திருந்தால், உலகம் ஓர் அறிஞரை இழந்திருக்கக் கூடும் அல்லவா?

பாரிஸ் வந்து சேர்ந்தபோது, அவருக்கென்று சொல்லியிருந்த வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. வேறோர் இடத்தில் தையல் உதவியாளராகச் சேர்ந்தார். 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பெரி கோமகனுக்கும் இளவரசி கரோலினுக்கும் திருமணம் நடந்தது. இளவரசியின் மணவுடையைத் தைத்த பெருமை ழானுக்குக் கிடைத்தது. அவர் பெயர் பரவியது. பின்னர் ஜேம்ஸ் பவர் என்னும் ஆங்கில வணிகரைச் சந்தித்து, 1818இல் அவரை மணந்தார். இருவரும் இத்தாலியை அடுத்த சிசிலித் தீவிலே, மெசினா என்னும் துறைமுக நகரில் குடியேறினர்.

தாமே ஆசிரியர், தாமே மாணவி

வசதி வந்தது, ஓய்வும் கிடைத்தது. வேறொருவராக இருந்தால் விருந்திலும் கேளிக்கையிலும் பொழுதைப் போக்கியிருப்பார். ழான் அம்மையாரோ புத்தகங்களைக் கையில் எடுத்தார். இயற்கை வரலாற்றைத் தாமே கற்றார். தீவு முழுவதும் சுற்றிச் செடிகொடிகள், பட்டாம்பூச்சிகள், கனிமங்கள், தொல்லுயிர் எச்சங்கள், சங்குகள், சிப்பிகள் எனத் தேடித் தேடிச் சேர்த்தார். கண்டவற்றை எழுதினார், படங்களாகவும் வரைந்தார். சிசிலியைப் பற்றிய வழிகாட்டி நூல் ஒன்றை 1842இல் வெளியிட்டார்.

மெசினாக் கடலில் அவரது உள்ளத்தைக் கொள்ளை கொண்ட உயிர் ஒன்று உண்டு. ஆர்கோனாட் என்பது அதன் பெயர். நம் மீனவர் பேய்க்கணவாய் என்று சொல்லும் எட்டுக்கால் உயிரின் இனத்தைச் சேர்ந்தது அது. ஆனால் தாளைப் போல மெல்லிய வெண்ணிற ஓடு ஒன்றினுள் அது வாழும். இந்த ஓடு யாருடையது என்பதே அந்நாளைய அறிஞர்களைக் குழப்பிய கேள்வி. அந்த உயிரின் உடல் ஓட்டோடு ஒட்டியிருப்பதில்லை. ஆகவே துறவி நண்டு காலிச் சங்கில் குடிபுகுவது போல, இதுவும் வேறோர் உயிரின் ஓட்டைக் கவர்ந்துகொள்கிறது என்று பலர் சாதித்தனர். இல்லை, தானே கட்டுகிறது என்றனர் வேறு சிலர். இருசாராரும் சாராயப் புட்டியில் இருந்த செத்த உடல்களையே பார்த்து வாதாடினர். செத்த உயிர் வீடு கட்டிக் காட்டுமா?

உயிரோடு பார்க்க வேண்டும். ஆனால் எப்படி? கடலில் விட்டால் கண்ணுக்கு எட்டாது. கரைக்குக் கொண்டுவந்தால் உயிர் நிலைக்காது. இந்தச் சிக்கலைத்தான் அம்மையார் தீர்த்தார்.

மூன்று தொட்டிகள்

1832ஆம் ஆண்டில் அவர் மூன்று வகைத் தொட்டிகளை உருவாக்கினார். முதலாவது, வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தொட்டி. நாம் இன்று வீடுகளில் காணும் தொட்டிக்கு இதுவே மூதாதை எனலாம். இதில் எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் நீர் தானாக வந்து போக வழியில்லை. இரண்டாவது, கூண்டுக்குள் பொருத்திய கண்ணாடித் தொட்டி. சிறிய உயிர்களை அதிலிட்டுக் கடலில் இறக்கலாம். வேண்டும்போது மேலே தூக்கிப் பார்க்கலாம். மூன்றாவது, பெரிய உயிர்களுக்கான கூண்டு. அதை நங்கூரமிட்டுக் கடலிலேயே நிறுத்தி வைத்தார். அதன் இடைவெளிகள் வழியே கடல்நீர் தாராளமாக உள்ளே வந்து வெளியே போகும். உள்ளிருக்கும் உயிர் மட்டும் தப்ப முடியாது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டி போதும் என்று அவர் எண்ணவில்லை. நாம் எதைப் பார்க்க விரும்புகிறோம், அந்த உயிருக்கு எவ்வளவு நீரோட்டம் தேவை என்ற இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்த பின்னரே சுவர் எங்கே, வழி எங்கே என்று முடிவு செய்தார். சுவர் நமக்காக, வழி உயிருக்காக! சுவரையே பெரிதாக எண்ணி வழியை மறந்தால் உயிர் மடியும். வழியையே பெரிதாக்கிச் சுவரை மறந்தால் உயிர் ஓடிவிடும்.

கூண்டுக்குள் ஆர்கோனாட்டுகள் நலமாக வாழ்ந்தன; முட்டையும் இட்டன. குஞ்சுகள் ஓடின்றியே பிறந்து, பின்னர் ஓட்டை உண்டாக்கத் தொடங்குவதை அம்மையார் கண்டார். வளர்ந்த உயிர்களின் ஓட்டைச் சிறிது உடைத்துப் பார்த்தார். அவை அந்த உடைசலைத் தாமே அடைத்துச் செப்பனிட்டன. அகன்ற படலம் கொண்ட இரண்டு கைகளே ஓட்டை உண்டாக்கும் கருவிகள் என்பதும் புலனாயிற்று. பழங்காலத்தில் அக்கைகளைப் பாய்மரம் என்றல்லவா மக்கள் எண்ணியிருந்தார்கள்! திருடி என்று பழிக்கப்பட்ட உயிர், தன் வீட்டைத் தானே கட்டும் தாய் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. பெண் ஆர்கோனாட்டே முட்டைகளைக் காக்க இந்த ஓட்டைக் கட்டுகிறது என்று இன்று நாம் அறிகிறோம்.

பெருமையும் பேரிழப்பும்

1834இல் கட்டானியா நகரின் ஜோயேனியா அறிவியல் கழகத்தில் அவரது ஆய்வு முன்வைக்கப்பட்டது. அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் என்னும் சிறப்பும் அவருக்கே உரியது. அவர் அனுப்பிய சான்றுகளை 1839இல் லண்டன் விலங்கியல் கழகத்தில் ரிச்சர்டு ஓவன் என்னும் பெரும் அறிஞர் எடுத்து வைத்தார். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் மூடியிருந்த அந்நாளில், பதினைந்துக்கும் மேற்பட்ட அறிவியல் கழகங்கள் அம்மையாரைத் தம் உறுப்பினராக ஏற்றன.

இன்பத்தைத் தொடர்ந்து துன்பமும் வந்தது. அம்மையார் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருள்களிலும், எழுதிய குறிப்புகளிலும், வரைந்த படங்களிலும் பெரும்பகுதி கப்பலோடு கடலில் மூழ்கிப் போயின. எந்தக் கடலின் உண்மையைத் தேடினாரோ, அந்தக் கடலே அவரது உழைப்பை விழுங்கிவிட்டது! தம்பதியர் 1843இல் சிசிலியை விட்டு அகன்றனர். அதன்பின் அவர் எழுதினாரே தவிர, புதிய ஆய்வு எதிலும் ஈடுபடவில்லை.

வழி தேடிய பிறர்

அம்மையார் சிந்தித்த அதே கேள்வியைப் பிறரும் வேறு வேறு விதமாகச் சிந்தித்தனர். 1846இல் அன்னா தின் என்னும் ஆங்கிலப் பெண்மணி டார்க்கி கடற்கரையில் பவள உயிர்களைச் சேகரித்து, அவற்றை ஊசிநூலால் கடற்பஞ்சில் தைத்து, ஒரு சாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். அங்கே நினைத்தபோதெல்லாம் புதுக் கடல்நீர் கிடைக்குமா? ஆகவே பணிப்பெண்ணைக் கொண்டு, திறந்த சன்னல் அருகே ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்திற்கு நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். வீழும் நீர் காற்றை ஏற்கும். அக்காற்றால் பவளங்கள் பிழைத்தன.

1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1871இல் அந்நகரின் கிறிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில் வில்லியம் ஆல்போர்டு லாயிடு என்பவர் கையூற்று வேலையை நீராவி இயந்திரத்திடம் ஒப்படைத்தார். தொட்டிகளில் இருப்பதைவிடப் பன்மடங்கு நீரைக் கீழே இருட்டறையில் தேக்கினார். அதை மேலே ஏற்றித் தொட்டிகளின் வழியே ஓடவிட்டு, மீண்டும் கீழே வந்து சேரச் செய்தார்.

இன்றைய பவளத் தொட்டிகளும் இம்முறையிலேயே இயங்குகின்றன. நம் ஊர் ஏரிக்குக் கலிங்கு உண்டல்லவா? நீர் நிரம்பியதும் மிகுதி அதன் வழியே வழிந்துவிடும். அதுபோலவே தொட்டியின் மேல்விளிம்பருகே ஒரு வழிவாய் அமைப்பார்கள். நீரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போலப் படியும் கழிவு அதன் வழியே வழிந்து, குழாயில் இறங்கிக் கீழ்த்தொட்டியை அடையும். அங்கே தூய்மையான நீரை மின்விசைக் குழாய் மீண்டும் மேலே அனுப்பும்.

இந்த வழிவாயை எங்கே வைப்பது? பின்சுவரின் நடுவில் வைத்தால் இருபுறத்து நீரும் சமமாக வந்து சேரும். மூலையில் வைத்தால் இடம் மிச்சமாகும். ஆனால் எதிர்மூலையில் நீர் தேங்கிவிடக் கூடும். ஆகவே தூய நீர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்படி செய்ய வேண்டும். மூன்று பக்கமும் நின்று பார்க்க வேண்டிய தொட்டியானால், நான்காவது பக்கமே அதற்கு ஏற்ற இடம். மின்சாரம் நின்றுவிட்டால் வழிவாயின் விளிம்பு மட்டத்திற்கு மேலுள்ள நீர் முழுவதும் கீழே இறங்கும். அதைத் தாங்கக் கீழ்த்தொட்டியில் வெற்றிடம் விட்டிருக்க வேண்டும். ஒரு குழாய் அடைபட்டால் உதவ மற்றொரு குழாயும் வேண்டும். இல்லையேல் வீட்டுக்குள்ளேயே வெள்ளம்தான்! காண்பவர் கண்ணுக்குச் சுவர், வாழும் உயிருக்கு வழி என்று மெசினாக் கடற்கரையில் அம்மையார் சீர்தூக்கிப் பார்த்ததைத்தான் இன்றும் தொட்டி அமைப்போர் சீர்தூக்கிப் பார்க்கின்றனர்.

இறுதி நாள்கள்

1858இல் ஓவன், கடலுயிர்த் தொட்டியை உருவாக்கிய பெருமை ழான் அம்மையாரையே சாரும் என்று ஏற்றுக் கூறினார். முதுமையில் பாரிஸில் வாழ்ந்த அம்மையார், 1870இன் இறுதியில் பிரஷ்யப் படை அந்நகரை முற்றுகையிட்ட போரின் இடையே தம் சொந்த ஊருக்குத் திரும்பினார். லாயிடின் காட்சியகம் எழுந்த அதே 1871ஆம் ஆண்டில், சனவரி மாதத்தில், பிறந்த மண்ணாகிய ழூயாக்கிலேயே கண் மூடினார். பின்னர் உலகம் அவரை நெடுங்காலம் மறந்திருந்தது. 1997இல் வெள்ளிக்கோளில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கால்நடையாகப் பாரிஸ் சென்ற தையற்காரச் சிறுமியின் பெயர் இன்று விண்ணிலும் நிலைத்துவிட்டது!

அன்புத் தோழியரே! அவரது தாள்கள் மூழ்கின. ஆனால் அவர் கண்ட உண்மை மூழ்கவில்லை. இறைவன் படைத்த ஓர் எளிய உயிரைப் பற்றித் தவறாகச் சொல்லப்பட்ட பழியை, வாதத்தால் அல்ல, பொறுமையால் அவர் துடைத்தார். அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அது உயிரோடு வாழும் இடத்தில் சென்று பார்க்க வேண்டும் என்பதே அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம். உயிர்களிடத்தில் மட்டுமன்றி, நம்முடன் பயிலும் தோழியரிடத்திலும் அப்பாடத்தை நாம் கடைப்பிடிப்போமாக!