மருதநாயகம்: கம்பெனியின் தளபதியா, கம்பெனியை எதிர்த்த வீரரா? கான் சாகிப்பின் ராணுவ ரெக்கார்டு சொல்வது என்ன?

மதுரையின் மேற்கே சம்மட்டிபுரத்தில் ஒரு சமாதி இருக்கிறது. சமயநல்லூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அங்கே அடக்கமாகி இருப்பவர் மருதநாயகம் என்ற முகமது யூசுப் கான். 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிடப்பட்டவர். விடுதலை வீரர் என்று ஒரு தரப்பு கொண்டாடுகிறது. பூலித்தேவனை வீழ்த்தியவரே இவர்தானே என்று கேட்கிறது இன்னொரு தரப்பு.

சர்வீஸ் எங்கே தொடங்கியது?

ராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, பிறகு இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது பரவலான கருத்து. 1752 வாக்கில் கிளைவின் படையில் இருந்தார். திருச்சி முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவி கம்பெனி படைக்கு உணவு வண்டிகளைக் கொண்டு வந்து சேர்த்ததில்தான் பெயர் வாங்கினார்.

துரோகப் பழி

1754-ல் அதே திருச்சியில் அவர் மேல் ஒரு பழி விழுந்தது. மைசூர்க்காரர்களிடம் விலை போய்விட்டார் என்று காட்டும் கடிதம் ஒன்று சிக்கியது. விசாரித்தால் கடிதமே போலி! தளபதி லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் செய்த சதி என்று தெரிந்ததும் அவரை பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார்கள். யூசுப் கானுக்கோ தங்கப் பதக்கமும் சிப்பாய்கள் எல்லோருக்கும் கமாண்டன்ட் பதவியும் கிடைத்தன. நம்ம ஊர் வாயில் அந்தக் கமாண்டன்ட் 'கும்மந்தான்' ஆனது.

பூலித்தேவன் விவகாரம்

இதை மறைக்க முடியாது. 1759-ல் வாசுதேவநல்லூர் கோட்டையைத் தாக்கித் தோற்றார். 1761-ல் பீரங்கிகளோடு திரும்பி வந்து பூலித்தேவனின் கோட்டைகளைப் பிடித்தார். அத்தனையும் கம்பெனி சம்பளத்தில் நடந்த போர். அதேசமயம், மதுரையை நிர்வகித்தபோது கண்மாய், கால்வாய்களைச் சீர் செய்து, மீனாட்சி அம்மன் கோயில் மானியங்களையும் மீட்டுக் கொடுத்தார் என்பதும் பதிவாகி இருக்கிறது.

ஏன் திரும்பினார்?

மதுரை, நெல்லை சீமைகளை குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தவர் அவர். ஆற்காடு நவாப் முகமது அலிக்கு இது பிடிக்கவில்லை. கம்பெனி நவாப் பக்கம் சாய்ந்து, இனி நீ நவாபின் ஆள் என்றது. யூசுப் கான் பணியவில்லை. 1763-ல் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. அதாவது சண்டையின் வேர் அதிகாரத்திலும் குத்தகையிலும் இருந்தது. ஆனாலும் தன்னை வளர்த்த கம்பெனியையே ஒரு வருஷத்துக்கு மேல் திணறடித்தார்.

முதல் முற்றுகை மழையில் கலைந்தது. 1764-ல் கோட்டைச் சுவரில் ஏறிய படையையும் விரட்டி அடித்தார். கடைசியில் உள்ளே பஞ்சம். திவான் சீனிவாசராவ், பாபா சாகிப், பிரெஞ்சுக்காரர் மார்ஷான் ஆகியோர் சேர்ந்து, தொழுகையில் இருந்தவரைக் கட்டிப்போட்டு கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இரண்டே நாளில் தூக்கு. உடலைத் துண்டு போட்டு வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது.

சம்மட்டிபுரம் சமாதிக்கு மேல் கட்டடம் எழும்பியது 1808-ல். மதுரையில் கான்சா மேட்டுத் தெரு, கான்பாளையம் என்று இன்னும் அவர் பெயர்தான் புழங்குகிறது.